இடப்பக்கத்துச் சோறு

என் மனைவி எனக்கு அரைச் சோறுதான் போடுகிறாள் என்று ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தவன் நான். திரிந்தேன் என்பது பெருமைக்குச் சொல்வது. இடது கால் சொல்வழி கேளாத நாட்கள் அவை. வாசலில் பிளாஸ்டிக் கதிரையில் இருந்துகொண்டு, போகிற வருகிறவர்களை மறித்து மறித்துச் சொன்னேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த புதிது என்பதால் காத்தான்குடி என்னை நம்பியது. இரண்டொரு வீட்டிலிருந்து மனைவிக்குத் தெரியாமல் வட்டிலப்பம்கூட வந்தது.

விஷயம் அவள் காதுக்கு எட்டிய அன்று, சாட்சிக்குத் தன் தம்பியையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டு, நான் சாப்பிட்டு முடித்த பீங்கானை என் முன்னால் வைத்தாள்.

"இதுல என்ன இரிக்கி?"

"என்ன இரிக்கி? வெறும் பீங்கான் இரிக்கி. வயித்துல பசி இரிக்கி."

பீங்கானை மெல்ல அரைச்சுற்றுச் சுற்றினாள். எங்கிருந்தோ ஒரு குவியல் சோறு வந்தது. ஆணம் ஊறிய சோறு. அதன் பக்கத்தில் பொரித்த மணலை மீன் ஒன்று முழுசாகக் கிடந்து என்னையே பார்த்தது.

"மச்சான், பாதித் துனியாவ யாருக்கு எழுதிக் குடுத்தீங்க?" என்று கேட்டான் அவளுடைய தம்பி. வட்டிலப்பத்தில் பாதியைத் தின்றவன் அவன்தான் என்பதை இந்த இடத்தில் சொல்லி வைக்கிறேன்.

எனக்கு வந்தது பாரிசவாதம். மூளையின் வலப்பக்கத்து இரத்தக் குழாயில் இரத்தம் கட்டியாகி அடைத்துக்கொண்டதால் உடம்பின் இடப்பக்கம் சோர்ந்துபோனது. அது வந்த விதமே ஒரு பகிடி. இடுப்பில் கட்டுகிற சாரன் விற்கிற கடை வைத்திருப்பவன் நான். ஒருவருக்குச் சாரனை விரித்துக் காட்டிக்கொண்டு நிற்கையில் அதன் இடது முனை கையிலிருந்து நழுவியது. எடுத்துப் பிடித்தேன், மறுகாவும் நழுவியது. வாங்க வந்தவர் அதைப் பட்டுச் சாரன் என்று நினைத்து, விலை கூடுமோ என்று யோசிக்கத் தொடங்கிவிட்டார். அடுத்த கடையிலிருந்து மச்சான், மனைவியின் தம்பிதான், எட்டிப் பார்த்தான். என் வாய் ஒரு பக்கம் கோணிக்கொண்டு போயிருந்தது. ஊரில் உள்ளவர்கள் பேசுகிற மாதிரி, நடக்கிற மாதிரியெல்லாம் செய்து காட்டுவது என் பழக்கம். ஆகவே அவன், இன்றைக்கு யாரை எடுக்கிறீங்க என்று கேட்டுச் சிரித்தான். வாங்க வந்தவரும் சிரித்தார். வாழ்நாளெல்லாம் பகிடி விட்டவனுக்கு நிஜமாகவே ஒன்று நடந்தால் யார் நம்புவார்கள்? என் கால் மடிந்த பிறகுதான் அவன் சிரிப்பு நின்றது. நின்ற கையோடு என்னைத் தூக்கி ஓட்டோவில் போட்டுக்கொண்டு பறந்தான். அந்தச் சுறுக்குக்காக அவனுடைய எல்லாக் குற்றங்களையும், வட்டிலப்பம் உட்பட, மன்னித்திருக்கிறேன்.

நேரத்துக்குப் போனதால் கட்டியைக் கரைக்கிற ஊசி போட்டார்கள். இப்போது சில இடங்களில் தொடை இரத்தக் குழாய் வழியாக மெல்லிய கம்பியை விட்டு மூளையிலிருந்து கட்டியை இழுத்தே எடுக்கிறார்களாம், நூல் உருண்டையை எடுப்பதுபோல. எனக்கு ஊசியோடு உயிர் வந்தது, பேச்சும் வந்தது. மூளையின் வலப்பக்கம் அடைபட்டால் பேச்சு அநேகமாகத் தப்பிவிடுமாம். அது வீட்டுக்காரர்களுக்கு நல்ல செய்தியா கெட்ட செய்தியா என்று டொக்டர் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரி வாட்டில் கண் விழித்தபோது என் கட்டிலில் யாரோ ஒருவருடைய கை கிடந்தது. அடுத்த கட்டில்காரர் தன் கையை இங்கே வைத்துவிட்டுப் போய்விட்டார், எடுத்துக் கொடுங்கள் என்று நேர்ஸிடம் முறைப்பாடு செய்தேன். நேர்ஸ் பிள்ளை அந்தக் கையைத் தூக்கி, அதன் விரலில் கிடந்த மோதிரத்தைக் காட்டினா. என் மோதிரம். சரி, மோதிரத்தையும் திருடிவிட்டார் என்று முடிவு கட்டினேன்.

அதற்கு மருத்துவத்தில் இடப்பக்கப் புறக்கணிப்பு என்று சொல்வார்கள். கண்ணில் கோளாறு கிடையாது. கண் காண்கிறது, மூளைதான் வாங்கிக்கொள்ள மறுக்கிறது. ஹர்த்தால் நாளில் கடைகள் எல்லாம் இருந்தும் ஒன்றும் திறக்காததுபோல. இதிலே மோசம் என்னவென்றால், ஒன்று இல்லை என்பதே ஆளுக்குத் தெரியாது. டொக்டர் இதையெல்லாம் வாட்டிலேயே எனக்கு விளக்கமாகச் சொன்னாராம். எனக்கு ஞாபகமில்லை. என் இடப்பக்கம் நின்று சொல்லியிருப்பார்.

வீட்டுக்கு வந்தும் நான் சுகமாக இருப்பதாகத்தான் நினைத்தேன். வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்கு வலப்பக்கத் தாடியை மட்டும் கத்தரித்துக்கொண்டு போனேன். எங்கள் வீட்டுக் கதவு நிலைகள் எல்லாவற்றிலும் என் இடது தோள் மோதியது. நிலைகள் ஒடுங்கிவிட்டன என்று தச்சனைக் கூப்பிடச் சொன்னேன். இதெல்லாம் வீட்டுக்குள்ளேயும் பள்ளிவாசலிலும் அடங்கிப்போனது. அடங்காத ஒன்று சொந்தக்காரர் ஒருவருடைய புதுவீட்டு விருந்தில் நடந்தது.

எங்கள் விருந்துகளில் சோறு சஹனில் வரும். பெரிய வட்டத் தட்டம் அது. நெய்ச்சோற்றைக் குவித்து, மேலே கோழியும் இறைச்சியும் கத்தரிக்காயும் வைத்து, ஆறு பேர் பாயில் சுற்றிவரக் குந்தி அந்த ஒரே தட்டத்தில் சாப்பிடுவோம். நடுவே கோடு கிடையாது. ஆனாலும் அவரவருக்கு முன்னால் உள்ளதுதான் அவரவர் பங்கு. சின்ன வயதில் மத்ரசாவில் எழுத்துப் படிக்க முதலே படிக்கிற ஒழுங்கு அது. என் மூளைக்கோ 'எனக்கு முன்னால்' என்கிற இடமே வலப்பக்கம் நகர்ந்து போயிருந்தது. என் பங்கின் வலது ஓரத்தை முடித்துக்கொண்டு, எல்லை தாண்டி, பக்கத்தில் இருந்தவரின் பங்கில் சந்தோஷமாக இறங்கிவிட்டேன். அவர் பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருக்கிற மரைக்கார். ஊருக்கே புத்தி சொல்கிற மனிதர். அவருக்கு முன்னால் இருந்த கோழிக்காலை நான் பிடித்தேன். அவரும் அதற்குத்தான் கை நீட்டினார். நான் அவருடைய கையைத் தட்டிவிட்டேன்.

"மரைக்கார், உங்கட பக்கத்துல தின்னுங்க."

அந்த நல்ல மனிதர் கையை இழுத்துக்கொண்டு, மிச்ச நேரம் முழுக்கப் பப்படத்தைக் கடித்துக்கொண்டிருந்தார். என் பங்குச் சோறு என் இடப்பக்கத்தில் ஆறிக் கிடந்ததாம். வெளியே வரும்போது எனக்குப் பின்னால் சிரிப்புச் சத்தம் கேட்டது. எனக்குச் சிரிப்புச் சத்தம் புதிதல்ல. ஆனால் நான் கிளப்பிவிடாத சிரிப்பு அதுதான் முதல் தடவை.

அந்தக் கிழமையே மகள் ஒரு முடிவெடுத்தாள். அவளுடைய கல்யாணம் என் பாரிசவாத வருத்தத்தால் பிந்திப்போயிருந்தது. கத்தாரில் வேலை செய்கிற மாப்பிள்ளை அடுத்த லீவில் வருவதாக இருந்தது. கல்யாணத்தன்று மாப்பிள்ளையின் வாப்பாவோடு முதல் சஹனில் பெண்ணின் வாப்பா குந்துவது எங்கள் குடும்பத்து வழக்கம். அதற்கு மாமாவை, அதுதான் என் மச்சானை, குந்தவைக்கலாம், வாப்பாவுக்கு அறைக்குள் தனிப் பீங்கானில் சோறு கொடுக்கலாம் என்று உம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். அவளைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"எனக்கு வெக்கமில்ல வாப்பா. அவங்க உங்களப் பாத்துச் சிரிச்சா என்னால தாங்க ஏலாது."

"என்னப் பாத்துச் சிரிக்காத ஆளு இந்த ஊருல ஆரு, மகள்?"

"அது நீங்க சிரிக்க வச்சது. இது வேற."

பாரிசவாதத்தால்கூட அடைக்க முடியாத வாயை என் மகள் அடைத்துவிட்டாள்.

அடுத்த கிளினிக்கில் தெரபி மிஸ்ஸிடம் போய்ச் சொன்னேன்: எனக்கு ஓடவும் வேண்டாம், சைக்கிள் மிதிக்கவும் வேண்டாம், சஹனில் குந்தத் தெரிந்தால் போதும். மிஸ் வவுணதீவுப் பக்கத்துப் பிள்ளை, வலையிறவுப் பாலத்தால் ஸ்கூட்டியில் வருகிறவ. முதலில் நான் பகிடி விடுவதாக நினைத்துச் சிரித்தா. மனைவி மரைக்கார் கதையைச் சொன்னதும் இன்னும் கூடச் சிரித்தா. பிறகு கொப்பியை மூடிவைத்துவிட்டு, சஹன் எவ்வளவு அகலம், யார் எங்கே இருப்பார்கள், சத்தம் எப்படியிருக்கும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டா.

அதுவரை எனக்குக் கடதாசிப் பயிற்சிதான். தாள் நிறைய நட்சத்திரங்கள் இருக்கும், எல்லாவற்றையும் பேனையால் கோடு போட்டு வெட்ட வேண்டும். நான் வலப்பக்கத்து வானத்தை வெட்டித் தீர்த்துவிட்டு, முடிந்தது என்று பேனையை மூடுவேன். மிஸ் சொன்னா, நட்சத்திரம் வெட்டிப் பழகினால் நட்சத்திரம் வெட்டத்தான் வருமாம். சோறு தின்ன வேண்டுமென்றால் சோற்றில்தான் பழக வேண்டுமாம். முதல் மாதங்களில் திரும்பி வராதது பிறகு வரவே வராது என்று முன்பு நினைத்தார்களாம். இப்போது வருகிற ஆராய்ச்சிகள் அப்படி அடித்துச் சொல்வதில்லையாம். மூளை பிந்தியும் புதுப் பாதை வெட்டுமாம், நாங்கள் விடாமல் அந்தப் பாதையால் நடந்தால்.

ஒரு கண்ணாடியையும் மாட்டிப் பார்த்தா. அதைப் போட்டால் எல்லாப் பொருளும் வலப்பக்கம் தள்ளித் தெரியும். பேனையைத் தொடச் சொன்னா, நான் அவவுடைய தேத்தண்ணிக் கோப்பைக்குள் விரலை விட்டேன். இப்படித் தவறித் தவறித் தொட்ட பிறகு கண்ணாடியைக் கழற்றினால் கை தானாகவே இடப்பக்கம் சாயுமாம். அது சிலருக்குக் கேட்கிறது, சிலருக்குக் கேட்பதில்லை, ஆராய்ச்சிக்காரர்களே இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை என்று உள்ளதை உள்ளபடி சொன்னா. எனக்கு அது பிடித்துக்கொண்டது. எல்லாம் தெரியும் என்கிறவர்களிடம் எனக்குப் பயம், நானும் அந்த இனம்தான் என்பதால்.

உண்மையான கண்டுபிடிப்பை மனைவிதான் செய்தாள். அன்றாடம் நான் செய்வதையெல்லாம் மிஸ் விசாரித்துக்கொண்டு வரும்போது அவள் சொன்னாள்: தொழுகை முடிவில் இரண்டு பக்கமும் முகத்தைத் திருப்பிச் சொல்கிற ஸலாமை, வலப்பக்கம் கிறுகிச் சொல்கிறவர், இடப்பக்கம் கிறுக வேண்டிய நேரம் நேரே சுவரைப் பார்த்துக்கொண்டு சொல்கிறார். மிஸ் நிமிர்ந்து உட்கார்ந்தா.

"ஒரு நாளைக்கு எத்தின தரம் ஐயா இது?"

கட்டாயத் தொழுகையே அஞ்சு நேரம், மற்றதெல்லாம் சேர்த்தால் இன்னும் கூட என்றேன். நான் எழுதித் தருகிற பயிற்சியை விட இது எவ்வளவோ மேல் என்றா அவ. இனிமேல் இடப்பக்கத்தில் இருக்கிற ஆளின் தோள் தெரியும் வரைக்கும் கிறுக வேண்டும், தோளைக் கண்ட பிறகுதான் ஸலாம். இதை எவரும் ஆராய்ந்து பார்த்தார்களோ தெரியாது, பார்க்க வேண்டிய விஷயம் என்றும் சொன்னா. இத்தனை காலம் இடது தோளில் இருக்கிற மலக்கு என்கிற வானவரை நான் கவனிக்காமல் விட்டிருக்கிறேன். என் கெட்டதையெல்லாம் எழுதுகிறவர் அவர்தான். அவரோடு கோபித்துக்கொள்வது எனக்கு ஒருவிதத்திலும் நல்லதல்ல.

வீட்டில் மத்தியானச் சோறெல்லாம் சஹனாகியது. தட்டத்தின் இடது ஓரத்தில் என் கடைச் சாரனிலிருந்து கிழித்த சிவப்புத் துண்டு ஒன்றை மனைவி கட்டினாள். சிவப்பைக் கண்ட பிறகுதான் வாய்க்குச் சோறு. சோர்ந்த இடது கையைத் தட்டத்துக்குப் பக்கத்தில் பாயில் வைத்து விரல்களை அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்தக் கை அசைந்தால் அந்தப் பக்கமே மூளைக்கு ஞாபகம் வருமாம். இடப்பக்கத்தில் மச்சான். அவனுக்கு மிஸ் ஒரு பதவி கொடுத்திருந்தா: இடப்பக்கத்தில் வைக்கிற இறைச்சித் துண்டை நான் காணாவிட்டால் அவன் எடுத்துத் தின்னலாம்.

இந்த வைத்தியத்தால் உடனே தேறியது மச்சான்தான். முதலில் கன்னம் வந்தது, பிறகு வயிறு வந்தது. அவனுடைய சேட்டுப் பொத்தான்களைப் பார்த்தால் என் வருத்தத்தின் நிலைவரம் தெரியும். நான் தின்று முடித்துவிட்டேன் என்று கையை எடுப்பேன், அவன் எலும்பைக் காட்டுவான். "இன்னும் கொஞ்ச நாளைக்கு சுகமாகாதீங்க மச்சான்" என்று கெஞ்சிக் கேட்டுக்கொண்டான்.

ஒரு மத்தியானம், சிவப்பைப் பார்த்துவிட்டு வருகிற வழியில், என் கண்ணில் ஒரு கை தென்பட்டது. கட்டையான, எண்ணெய் மினுங்குகிற கை. அது இறைச்சியை நோக்கி நகர்ந்தது. நான் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் பிந்தியிருப்பேன். மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன்.

மச்சான் வாயில் சோற்றோடு "அல்ஹம்துலில்லாஹ்" என்றான். அதில் கவலையும் கொஞ்சம் கலந்திருந்ததாக எனக்குப் பட்டது. மனைவி கறிச்சட்டியைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள். தற்செயலோ என்று பார்க்க, அதே இடத்தில் இன்னொரு துண்டை வைத்தாள். அதையும் எடுத்தேன். அவள் மூன்றாவதை வைத்தாள். கறிச்சட்டி முடியும் வரைக்கும் எங்கள் வீட்டில் அன்றைக்கு ஆராய்ச்சி நடந்தது.

ஆனால் சத்தம் வந்தால் எல்லாம் போய்விடும். டீவி ஓட, நாலு பேர் ஒரேயடியாகப் பேச, இடப்பக்கம் மறுகாவும் கரைந்துபோகும். கவனம் பல பக்கம் இழுபட்டால் அப்படித்தான் ஆகும் என்று மிஸ் முன்னமே சொல்லியிருந்தா. கல்யாண வீடு என்றால் சத்தம்தானே. ஆகவே சிவப்புத் துண்டை அவிழ்த்துவிட்டு, டீவிச் சத்தத்தைக் கூட்டி வைத்து, மச்சானை அரசியல் பேசவிட்டுச் சாப்பிட்டேன். அவனுடைய அரசியலைக் கேட்டுக்கொண்டு கோழிக்காலைக் கண்டுபிடிக்கிறவனுக்கு எந்தக் கல்யாண வீடும் பெரிதல்ல. மகள் குசினி வாசலில் நின்று பார்ப்பாள், போவாள்.

கல்யாணத்தன்று அறைக்குள் எனக்கு ஒரு பீங்கான் மூடி வைத்திருந்தார்கள். அதைக் கண்டேன். கண்டுவிட்டு, அறையைத் தாண்டி, பழக்கத்துக்கு இடது தோளால் நிலையில் ஒரு இடி இடித்து, பந்தலுக்குள் போனேன். மச்சான் என்னைப் பிடித்துப் பாயில் இருத்திவிட்டு எனக்கு எதிரே போய்க் குந்திக்கொண்டான். மாப்பிள்ளையின் வாப்பா ஏறாவூரில் வியாபாரம் செய்கிறவர், பாரமான மனிதர், பேச்சுக் குறைவு. அவர் சுற்றிவந்து எனக்கு இடப்பக்கத்தில் குந்தினார். மச்சானின் முகம் வெளுத்ததைக் கண்டேன். பெண்கள் பக்கத்து யன்னல் திரை லேசாக ஆடியது.

சஹன் வந்தது. ஸ்பீக்கர் அலறியது. காற்றாடி பந்தல் சீலையை அடித்தது. எல்லாரும் எல்லாரையும் விசாரித்தார்கள். எனக்கு வலப்பக்கத்தில் மாப்பிள்ளையின் சிறிய தகப்பன், அவருக்கு முன்னால் நெய் மினுங்கும் கோழிக்கால் ஒன்று. அது என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது. நான் திரும்பவில்லை. இடது கை விரல்களைப் பாயில் அசைத்தேன். சம்பந்தியின் முழங்கால் தெரியும் வரைக்கும் கிறுகினேன். முழங்காலைக் கண்டேன், அங்கிருந்து தட்டத்தின் விளிம்பு, விளிம்பிலிருந்து என் சோறு. ஒரு பிடி. மறுகாவும் முழங்கால், விளிம்பு, சோறு. என் பங்கு ஒழுங்காகக் குறைந்துகொண்டு வந்தது.

அப்போது இடப்பக்கத்திலிருந்து ஒரு இறைச்சித் துண்டு ஊர்ந்து வந்தது. சம்பந்தி, யாருக்கும் தெரியாமல், தன் பங்கிலிருந்த நல்ல துண்டை விரல் நுனியால் என் பக்கம் தள்ளிவிட்டிருந்தார். சங்கையான விருந்தாளிக்குச் செய்கிற மரியாதை அது. வாங்கிக்கொண்டு சும்மா இருந்தால் நான் விருந்தாளி, அவர் வீட்டுக்காரர் என்றாகிவிடும். வீடு என்னுடையது. என் பங்கிலிருந்து அதைவிடப் பெரிய துண்டாகப் பார்த்து அவர் பக்கம் தள்ளினேன். அவர் அதைப் பார்த்தார். ஈரல் ஒன்று வந்தது. நான் கோழி நெஞ்சை அனுப்பினேன். அவர் கத்தரிக்காயோடு சேர்த்து ஒரு எலும்பிறைச்சியைத் தள்ளினார். எதிரே மச்சான் சாப்பிடுவதையே மறந்துவிட்டான். அவனுடைய வாழ்க்கையில் அது பெரிய விஷயம். நான் என்னிடமிருந்த கடைசித் துண்டையும் தள்ளினேன். அவர் முன்னால் இறைச்சி குன்றாக நின்றது.

சம்பந்தி கையைச் சோற்றில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"உங்களுக்கு வருத்தம் வந்தது எந்தப் பக்கம்?"

"நீங்க குந்தியிரிக்கிற பக்கம்தான்."

அவர் தன் முன்னாலிருந்த குன்றைப் பார்த்தார். வலப்பக்கத்தில் தொடாமல் கிடந்த கோழிக்காலைப் பார்த்தார்.

"அல்லாஹ் காப்பாத்தினான். வருத்தம் மத்தப் பக்கம் வந்திருந்தா நான் இண்டைக்கு தின்டே செத்திருப்பன்."

முதலில் மச்சான் சிரித்தான். பிறகு சஹன் முழுக்கச் சிரித்தது, அடுத்த சஹன் என்ன என்று கேட்டுவிட்டுச் சிரித்தது. அந்தச் சிரிப்பைக் கிளப்பியவன் நான், சம்பந்தி அதற்கு மேலே ஒரு கல் வைத்தார், அவ்வளவுதான். யன்னல் திரைக்குப் பின்னால் ஒரு சிரிப்பு மற்றதையெல்லாம் தாண்டி எழுந்தது. மணப்பெண் இப்படிச் சத்தமாகச் சிரிக்கக் கூடாது என்று யாரோ ஒரு பெண் அவளை அடக்குவதும் கேட்டது. அவள் அடங்கவில்லை.

மறுசோறு கேட்டுக் குரல் கொடுத்தான் மச்சான். வாளியோடு வந்த ஆள் என் இடது தோளுக்கு மேலால் குனிந்தார். அவர் கரண்டியை நீட்ட முதலே நான் இடம் விட்டுச் சாய்ந்துகொண்டேன், இறைச்சியாகப் பார்த்துப் போடச் சொன்னேன்.